டாக்டர் மேரி ரட்ணமும் தாய்மாரின் தெரிவும்

1937 ஆம் ஆண்டு கொழும்பில் இந்நாட்டின் முதலாவது கருத்தடை ஆலோசனை நிலையத்தைத் தொடக்கியபோது டாக்டர் மேரி ரட்ணத்துக்கு வயது 64. அதே ஆண்டில்தான் அவர் பம்பலப்பிட்டியில் போட்டியிட்டு, கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியுமானார். அந்த ஆசனம் பின்னர் சட்ட நுணுக்கமொன்றினால் பறிபோயிற்று. இன்று எமது கவனத்துக்குரியது அவரது ஆலோசனை நிலையமே.

1873 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த அவர், ரொறன்ரோவில் மருத்துவம் கற்றவர். இணுவிலில் பெண்களுக்கென அமைந்த மிஷன் வைத்தியசாலையில் பணியாற்றவே அவர் தெரிவு செய்யப்பட்டிருந்தார். ஆனால் இலங்கைத் தமிழரான எஸ்.சி.கே. ரட்ணத்தை அவர் மணந்துகொண்டதும், சுதேசியின் மனைவியை ஏற்க மிஷன் மறுத்துவிட்டது. சமத்துவத்தைப் போதிக்க வந்தோரும் நிறத்தை மறந்தாரில்லை. இணுவில் இழந்த வைத்தியரைக் கொழும்பு பெற்றுக்கொண்டது. அங்கு பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையிலும், பின்னர் தனிப்பட்ட முறையிலும் அவர் சிகிச்சை அளித்தார். பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தார். கிராமப் பெண்களை ஒன்றுதிரட்டி லங்கா மகிளா சமித்தியை உருவாக்கினார்.

பிரசவத்தில் தாய் இறப்பது அந்நாளில் புதுமையன்று. மலேரியா நாட்டை உலுக்கிய 1935 இல், 1,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 20 இற்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இரத்தச்சோகையால் வாடிய உடல் அடுத்த கர்ப்பத்தைத் தாங்காது என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். அதைத் தாய்க்கும் கணவனுக்கும் வெளிப்படையாக எடுத்துரைக்கத் துணிந்தோர் சிலரே.

கருத்தடை மாத்திரை பாவனைக்கு வந்தது 1960 இலேயே. ஆகவே 1937 இல் வைத்தியத்துறை அறிந்திருந்த தற்காலிக முறைகள் யாவும் ஹோர்மோன் சாராதவை: ஆணுறை, கருப்பை வாயிலை மூடும் இறப்பர் மூடி, விந்துக் கொல்லிப் பசை, நாட்கணக்கு. இவை சரியாகப் பயன்பட வேண்டுமாயின் பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிய அறிவு வேண்டும். எனவே அந்நாளைய கருத்தடை ஆலோசனையின் பெரும்பகுதி கற்பித்தலாகவே இருந்தது.

சமய ஆட்சேபங்களுக்கும் குறைவிருக்கவில்லை. செயற்கைக் கருத்தடையைப் பாப்பரசர் 1930 இல் கண்டித்திருந்தார். இஸ்லாமியச் சட்ட மரபிலோ ‘அஸ்ல்’ எனப்படும் விலகல் முறை பற்றி நூற்றாண்டுகளுக்கு முன்னரே விவாதிக்கப்பட்டுள்ளது. இமாம் கஸ்ஸாலி அதனை அனுமதிக்கத்தக்கதெனக் கருதினார். மனைவியின் சம்மதம் வேண்டுமெனச் சட்ட அறிஞர் பலர் வற்புறுத்தினர். அந்தச் சம்மதம் என்ற சொல்லை எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஏனெனில் எமது நாட்டில் கருத்தடை என்றதும் பேச்சு இனவிகிதாசாரத்துக்குத் தாவிவிடுகின்றது. 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தில், முறையான விளக்கமின்றித் தமக்குத் தோலடி ஹோர்மோன் குச்சிகள் பொருத்தப்பட்டதாகத் தாய்மார் முறையிட்டனர். 2019 இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவருக்கு எதிராகக் கருத்தடைப் பீதி கிளப்பப்பட்டது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் அரசியல் உரத்துப் பேசிற்று. தனக்கு எது பொருந்தும் எனப் பெண்ணிடம் கேட்டோர் எத்தனை பேர்?

மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், குருதி உறைதல் ஏற்பட்டவர்கள், பார்வை மங்கலுடன் ஒற்றைத் தலைவலி வருபவர்கள் பொதுவாக ஈஸ்திரஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு ஏனைய ஹோர்மோன் முறைகளும் ஏற்றவையல்ல. இத்தகையோருக்குச் செப்பு லூப் பெரும் துணையாகும். அதிலிருந்து வெளிப்படும் செப்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றது. ‘செப்பு ரி 380ஏ’ 10 ஆண்டுகள் வரை பயன்தரும். அகற்றியதும் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பும். முதல் மாதங்களில் மாதவிடாய் மிகுதியாகலாம், வலியும் கூடலாம். இதனை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதே பல பெண்கள் அஞ்சி அதனை அகற்றக் காரணம் என்பது எமது எண்ணம். பாலியல் நோய்களை அது தடுக்காது. அதற்கு ஆணுறையே வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே ஊட்டி, மாதவிடாயும் திரும்பாதிருந்தால், முதல் ஆறு மாதங்களுக்கு அதுவே பெரும்பாலும் போதிய காப்பாகும். இவை பற்றி மருத்துவமாதிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தயங்காது கேட்கலாம்.

1953 இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவானபோது மேரி ரட்ணம் எண்பதை எட்டியிருந்தார். 1958 இல் ரமொன் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962 இல் அவர் காலமானார். அதே ஆண்டில்தான் ஜக் லிப்பஸ் என்ற அமெரிக்க வைத்தியர் தாம் வடிவமைத்த பிளாஸ்டிக் வளையத்தை நியூயோர்க் மாநாடொன்றில் அறிமுகப்படுத்தினார். அந்த வளையம் வழக்கொழிந்து போயிற்று. அதன் பெயரான ‘லூப்’ மட்டும் எமது தாய்மாரின் நாவில் இன்றும் நிலைத்திருக்கின்றது.