காற்றை ஆராய்ந்த பாஸ்டர்

பிரான்சு நாட்டில், தோல் பதனிடும் எளிய குடும்பமொன்றில், 1822-ஆம் ஆண்டு பிறந்தவர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்றே பலரும் அவரை அறிவர். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே அவர் காற்றில் உலவும் நுண்ணுயிர்களைப் பிடிக்க முனைந்த வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை.

அழுகும் பொருள்களில் நுண்ணுயிர்கள் தாமே தோன்றுகின்றன என்று அந்நாளில் அறிஞர் சிலர் கருதினர். ரூவான் நகரத்துப் பூஷே அக்கொள்கையினருள் முதல்வர். காற்றிலுள்ள வித்துகளே அவற்றுக்குக் காரணம் என்பது பாஸ்டரின் துணிபு. அதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்?

முதலில் அவர் ஒரு குழாயில் வெடிபஞ்சை அடைத்து, அதன் வழியே காற்றை இழுத்தார். பின்னர்ப் பஞ்சை மதுசாரமும் ஈதரும் கலந்த திரவத்தில் கரைக்கவே, தூசி அடியில் படிந்தது. உருப்பெருக்கியில் வித்துகளை ஒத்த வடிவங்கள் தோன்றின. ஆனால் அவை உயிருள்ளனவா, மாண்டனவா என்பதை வடிவம் மட்டும் உணர்த்தாதன்றோ?

ஆகவே வேறொரு முறையையும் கைக்கொண்டார். ஈஸ்ட்டிலிருந்து இறுத்த நீரைக் குடுவைகளில் கொதிக்கவைத்து, ஆவி வெளியேறும்போதே கழுத்தைத் தீயில் உருக்கி மூடினார். வேண்டிய இடத்தில் நுனியை ஒடித்தால் காற்று உட்புகும். உடனே மீண்டும் மூடிவிடுவார். தம் உடையிலுள்ள தூசி விழாதிருக்கக் குடுவையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிப்பார். உயிருள்ள வித்து புகுந்திருந்தால் சில நாளில் நீர் கெடும்.

பாரிசு வானாய்வு நிலையத்தின் முற்றத்தில் திறந்த 11 குடுவைகளும் கெட்டன. அதன் நிலவறையில் திறந்த 10-இல் ஒன்றே கெட்டது. 1860-இல் 33 குடுவைகளுடன் ஆல்ப்சு மலையில் மோன்டன்வேர் பனியாற்றை அடைந்தார். பனியின் ஒளியில் விளக்கின் சுடர் கண்ணுக்குப் புலப்படவில்லை. காற்றும் அதனை அலைத்தது. மூட இயலாத குடுவைகளை விடுதி அறையில் இரவு முழுதும் வைக்க நேர்ந்தது. அவற்றுள் பெரும்பாலன கெட்டன. அவர் தளரவில்லை, விளக்கைச் செப்பனிட்டு மறுநாளே மீண்டும் ஏறினார். அன்று திறந்த 20-இல் ஒன்றே கெட்டது. தாழ்ந்த நாட்டுப்புறத்தில் 20-க்கு 8-உம், ஜூரா மலையில் 20-க்கு 5-உம் கெட்டிருந்தன.

பூஷே 1863-இல் பிரனீசு மலையில் வைக்கோல் ஊறிய நீரைக்கொண்டு அவ்வாறே சோதித்தார். அவருடைய குடுவைகள் அனைத்தும் கெட்டன! அவர் பொய்யுரைக்கவில்லை. வைக்கோலில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் மாளா என்பதை 1876-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்டு கோன் விளக்கினார். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே பூஷே மறைந்துவிட்டார்.