எருமைகள் இல்லாத ஏரி: சலீம் அலியும் பரத்பூரும்

1938ஆம் ஆண்டு நவம்பர் 12. இராஜஸ்தானின் பரத்பூர் ஏரியில், பிரித்தானிய வைஸ்ரோய் லின்லித்கோ பிரபுவுக்காக மகாராஜா வேட்டை விருந்து வைத்தார். அன்று ஒரே நாளில் சுட்டு வீழ்த்தப்பட்ட பறவைகள் 4,273. அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதே நாளில் சலீம் அலிக்கு 42 வயது நிறைந்தது.

அந்த ஏரியைப் பறவைகளுக்கு மீட்டுக் கொடுத்தவர் என்றுதான் அவரைப் பற்றி எழுதுவார்கள். அது உண்மை. ஆனால் கதையில் இன்னொரு பகுதியும் இருக்கிறது.

பம்பாயில் 1896இல் பிறந்த சலீம் அலி, மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். அவரும் துப்பாக்கியோடு தொடங்கியவர்தான். சிறுவனாகச் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். பிறகு அந்தக் கழகமே அவரது வாழ்க்கையாயிற்று. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரச வேலை கிடைக்கவில்லை. பேர்லின் சென்று பறவையியல் படித்துத் திரும்பினார். அப்போதும் வேலை இல்லை. கீகிம் என்ற கடலோரக் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையற்ற மாதங்களில் செய்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பின்னாளில் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகளில் எங்கள் தீவின் பறவைகளும் அடக்கம்.

இந்தியா சுதந்திரம் அடைந்ததும், பரத்பூர் ஏரியை வடித்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சலீம் அலி நேருவிடம் போனார். ஏரி தப்பியது. 1956இல் சரணாலயமானது. ஆனாலும் பழைய மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

அறுபதுகளில் அங்கே வாத்துகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டார்கள். வலை போட்டவர்கள் பீகாரின் மீர்ஷிகார்கள். பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். அவர்களின் கைத்திறனை நம்பித்தான் சலீம் அலியின் அந்த ஆய்வே நடந்தது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கே இருந்து வருபவை. குளிர்காலத்தில் வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் நாங்கள் பார்ப்பதும் இதே இனங்களைத்தான்.

அந்த ஏரியைச் சுற்றி வாழ்ந்தவர்கள் தலைமுறைகளாகத் தங்கள் எருமைகளை அங்கே மேய்த்தார்கள். மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பது சலீம் அலியினதும் அவரது சகாக்களினதும் கருத்து. தேசிய பூங்காவானபோது, 1982இல், மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. மாற்று மேய்ச்சல் தரை கொடுக்கப்படவில்லை. எதிர்த்து நின்ற கிராமத்தவர் மீது பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். உயிர்கள் போயின. வடக்கில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக் கற்களுக்கு வெளியே நிற்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எருமைகள் போன பிறகு நீர்ப்புல் வளர்ந்து ஏரியை மூடத் தொடங்கியது. வாத்துகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. இதைக் கண்டறிந்ததும் சலீம் அலியின் அதே கழகம்தான். எருமைகள் மேய்ந்ததால்தான் ஏரி திறந்திருந்தது என்று பத்தாண்டு ஆய்வின் முடிவில் எழுதினார்கள். அறிக்கை முழுமையாக வந்தபோது சலீம் அலி இல்லை. 1987 ஜூன் 20இல் காலமாகியிருந்தார். தன் கழகத்தின் ஆய்வு தன் கருத்தையே மறுத்ததை அவர் மறைத்திருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மேய்ப்பர்களிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இன்று அங்கே பறவை காட்டுபவர்களில் பலர் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள். எந்த மரப்பொந்தில் புள்ளி ஆந்தை பகலில் தலை நீட்டும், பெரிய கூகை எந்தப் பழைய கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் அலறினால் கல்லெறிந்து துரத்தும் ஆந்தையை, அங்கே விரலை உதட்டில் வைத்துக் காட்டுகிறார்கள்.