டாக்டர் ஹாப்கின்

வாந்திபேதி என்னும் பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. குளத்து நீரையும் கிணற்று நீரையும் நம்பி வாழ்ந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் முதலிய தென்னாட்டு ஊர்களும் அந்நோய்க்கு விலக்கல்ல. அதனை எதிர்க்கும் தடுப்பூசியோடு 1893 ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்தவர் வால்டெமர் ஹாப்கின்.

இவர் 1860 இல் கருங்கடற்கரையிலுள்ள ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவகத்தில் ஆராய்ந்து தாம் கண்ட மருந்தை, 1892 இல் தம் உடலிலேயே முதலில் ஏற்றிக்கொண்டார்.

1894 இல் கல்கத்தாவின் கட்டல்பாகன் என்னும் குடிசைப் பகுதியில் வாந்திபேதி தோன்றியது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொள்ள இசைந்தனர். பின்னர் அங்கே பத்துப் பேரை நோய் பற்றியது, எழுவர் இறந்தனர். அப்பதின்மரும் ஊசி போட்டுக்கொள்ளாதவரே! இரு சாராரும் அடுத்தடுத்த குடிசைகளில் வாழ்ந்தவர்கள்; ஒரே இடத்து நீரைப் பருகியவர்கள். ஆதலின் இக்கணக்கு எவர் ஐயத்தையும் போக்கவல்லதாயிற்று. புகழுரையை நம்பாது, ஊசி போட்டவர் இத்தனை பேர், போடாதவர் இத்தனை பேர், மாண்டவர் இத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே ஹாப்கினின் வழக்கம்.

1896 இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. அது பிற்காலத்தில் கோயம்புத்தூர் வரை பரவியதை அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. ஹாப்கின் மூன்றே திங்களில் அந்நோய்க்கும் மருந்து கண்டு, 1897 சனவரி 10 ஆம் நாள் அதனையும் தாமே முதலில் ஏற்றுக்கொண்டார். இலட்சக்கணக்கான மக்கள் அவ்வூசியைப் போட்டுக்கொண்டனர்.

1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் இசிவு நோய் கண்டு இறந்தனர். அனைவரும் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். பழி ஹாப்கின்மேல் விழுந்தது. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஊசியால் பிழைத்தவர் தாம் பிழைத்ததை அறியார். இறந்த பத்தொன்பதின்மரையோ நாடே அறிந்திருந்தது.

உண்மையில், புட்டியைத் திறந்த இடத்தில் உதவியாளர் ஒருவர் இடுக்கியைத் தரையில் நழுவவிட்டு, அதனை முறைப்படி தூய்மை செய்யாது பயன்படுத்தியிருந்தார். இது விசாரணை ஏடுகளிலேயே பதிவாகியிருந்தும் எவரும் பொருட்படுத்தவில்லை. மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பின்னரே, 1907 இல் பழி நீங்கியது.

அதன்பின் ஹாப்கின் கல்கத்தாவிற்குத் திரும்பினார். ஆயினும் புதிய மருந்துகளை மக்களிடம் சோதித்துப் பார்க்க அவருக்கு இசைவு வழங்கப்படவில்லை. சில ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தளவில் பணியாற்றி ஓய்வு பெற்றார். பம்பாயில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடத்திற்கு 1925 இல் அவர் பெயர் சூட்டப்பெற்றது. 1930 இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.