மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (மாதவையா கிருஷ்ணன், சூன் 30, 1912 – பெப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர், எழுத்தாளர் மற்றும் ஓவியர் ஆவார். தமிழின் தொடக்ககாலப் புதின ஆசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன். யானை, காட்டெருது முதலிய பேருயிர்களை மட்டுமன்றி வீட்டுத் தோட்டத்து அணில், காகம், ஓணான் ஆகியவற்றையும் அதே கவனத்துடன் நோக்கி எழுதியமை இவரது தனிச்சிறப்பாகும். இவர் எடுத்த காட்டுயிர் ஒளிப்படங்கள் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் இவரே கடைசி. தந்தை மாதவையா ஆங்கில அரசின் உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் பணியாற்றியவர். பணியிலிருந்து விலகியபின் சென்னை மயிலாப்பூரில் குடியேறிப் பஞ்சாமிர்தம் என்னும் இதழை நடத்தினார். 1925 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் தமிழ்ப் பாடத்திற்காகப் பேசிய வேளையில் மாதவையா காலமானார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. அதன்பின் மூத்த சகோதரி இவரை வளர்த்தார். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியவரும் ஆங்கிலப் புதின ஆசிரியருமான மா. அனந்தநாராயணன் இவரது தமையனார்.

அக்கால மயிலாப்பூர் வீடுகளும் தோட்டங்களும் புதர்களும் கலந்த பகுதியாக இருந்தது. பறவைகளும் சிறு விலங்குகளும் வீட்டைச் சுற்றியே காணக் கிடைத்தன. சிறுவயதில் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தார். இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின் 1927 இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன், நீலகிரி மற்றும் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். அவரது களப்பயணங்களில் கிருஷ்ணனும் உடன் சென்றார். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். தாவரவியலில் பட்டம் பெற்றபின் சட்டமும் படித்தார்; ஆயினும் வழக்குரைஞர் தொழிலில் நிலைக்கவில்லை. 1937 இல் இந்துமதியை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகன்.

பணியும் சந்தூர் வாழ்வும்

நிலையான வேலை கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில், சிற்றிதழ்களில் எழுதியும் கேலிச்சித்திரங்கள் வரைந்தும் கிருஷ்ணன் பொருளீட்டினார். அச்சகம், ஓவியப்பள்ளி, வானொலி ஆகியவற்றில் சிறிது காலம் பணியாற்றினார். 1942 இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமத்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். ஓய்வு நேரங்களில் மலைக்காடுகளில் சுற்றினார். ஆடு மேய்த்தும், அஞ்சல் புறாக்களை வளர்த்தும் பார்த்தார்.

1949 இல் சந்தூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. கிருஷ்ணன் சென்னை திரும்பினார். அப்போது அவருக்கு வயது 37. பின்னர் அவர் மாதச் சம்பள வேலை எதையும் நாடவில்லை. எழுத்தும் ஒளிப்படமுமே வாழ்வாதாரமாயின. காட்டுயிர்களைப் பற்றி எழுதி மட்டுமே ஒருவர் வாழ முடியும் என்பதற்கு அன்றைய இந்தியாவில் முன்மாதிரி ஏதும் இல்லாத நிலையில் எடுத்த முடிவு இது.

எழுத்துப் பணி

கல்கத்தாவிலிருந்து வெளிவந்த தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 இல் கண்ட்ரி நோட்புக் என்னும் பத்தியை எழுதத் தொடங்கினார். இப்பத்தி 46 ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. கட்டுரைகளுக்கான கோட்டோவியங்களையும் பெரும்பாலும் தாமே வரைந்தார். இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி இதழில் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞரின் நாட்குறிப்பு என்ற பொருளில் ஒரு தொடரும், தி இந்து நாளிதழில் புனைபெயரில் கட்டுரைகளும் எழுதினார்.

தமிழ் இதழ்களிலும் பறவைகள், விலங்குகள் பற்றி எழுதினார். சங்க இலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவராதலால், பழந்தமிழ் நூல்களில் குறிக்கப்படும் உயிரினங்களைக் களத்தில் கண்ட உயிரினங்களோடு ஒப்பிட்டு அடையாளம் காண முயன்றார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்ற துப்பறியும் புதினத்தையும் எழுதியுள்ளார்.

ஒளிப்படக்கலை

இந்தியாவில் காட்டுயிர் ஒளிப்படக்கலைக்கு முன்னோடியாகக் கருதப்படும் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அலுவலர் 1927 இல் புலிகளின் படங்களைக் கொண்ட நூலை வெளியிட்டார். எனினும் 1972 இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்படும் வரை காட்டுக்குச் செல்வோரில் பலர் துப்பாக்கியுடனேயே சென்றனர். கிருஷ்ணன் ஒளிப்படக் கருவியுடன் சென்றவர்.

விலையுயர்ந்த கருவிகளை வாங்க இவருக்கு வசதி இல்லை. ஒரு நிறுவனத்தின் கருவி உடலில் வேறொரு நிறுவனத்தின் தொலைநோக்கு வில்லையைப் பொருத்தி, பிற உறுப்புகளையும் தாமே இணைத்து ஒரு பெரிய கருவியை உருவாக்கினார். அதற்கு இவர் இட்ட வேடிக்கைப் பெயர் சூப்பர் பாண்டரோசா. அசாமில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்த இயற்கையியலாளர் இ. பி. ஜீ இக்கருவியின் ஒட்டுப்போட்ட தோற்றத்தை நகைச்சுவையுடன் தம் எழுத்தில் குறித்துள்ளார்.

முதுமலைக் காடுகளில் வனத்துறையின் பழக்கப்பட்ட யானைகளின் மேல் அமர்ந்து கிருஷ்ணன் படமெடுத்தார். யானையின் மணமும் உருவும் மனிதனை மறைப்பதால் காட்டு விலங்குகள் மிரண்டு ஓடுவது குறைவு. அவற்றின் இயல்பான நடத்தையைப் பதிவு செய்ய இம்முறை உதவியது. இவருடைய படங்களில் விலங்கு மட்டுமன்றி அது நிற்கும் புல்வெளி, மரம், நிழல் ஆகியனவும் இடம்பெறும். அழகுக்காக மட்டும் அன்றி, உயிரினம் எங்கு எவ்வாறு வாழ்கிறது என்பதற்கான சான்றாகவும் அவை பயன்படுகின்றன.

வேடந்தாங்கல்

கிருஷ்ணன் விரிவாக எழுதிய இடங்களுள் ஒன்று வேடந்தாங்கல். செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அருகே உள்ள இந்த ஏரி சுமார் 30 எக்டேர் பரப்புடையது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியவற்றை இங்குக் காணலாம். எச்சம் கலந்த ஏரி நீர் நெல் வயல்களுக்கு உரமாவதால் ஊர்மக்கள் நெடுங்காலமாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு அவர்கள் வேண்டியதன் பேரில் 1798 இல் ஆட்சியர் லயோனல் பிளேசு பாதுகாப்பு அளித்தார்.

காட்டுக்குப் போக இயலாதவரும் காணக்கூடிய இயற்கைக்கு வேடந்தாங்கல் நல்ல எடுத்துக்காட்டு. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு வழியாக இங்கு வரலாம். திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தது பெரும்பாலும் கிருஷ்ணனின் மறைவுக்குப் பின்னர்தான். ஏரிகள் நிறைந்த அப்பகுதியில் குடியேறிய தொழிலாளர்களும் பொறியாளர்களும் பனிக்கால விடுமுறையில் குடும்பத்துடனும் நண்பர்களுடனும் ஒளிப்படக் கருவிகளோடு வந்துபோகும் இடங்களுள் வேடந்தாங்கலும் ஒன்று.

1998 இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையான பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020 இல் இப்பரப்பைச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏரியில் கூடு கட்டும் பறவைகள் சுற்றுப்புற வயல்களிலும் பிற ஏரிகளிலும் இரை தேடுபவை என்பதால், ஏரியை மட்டும் காப்பது போதாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். 2022 இல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கருத்துகள்

ஒரு நாட்டின் அடையாளம் அதன் மொழி, கலை, கோயில்களால் மட்டும் அமைவதன்று. அதன் நிலத்திற்கே உரிய மரம், செடி, விலங்குகளாலும் அமைகிறது என்பது கிருஷ்ணனின் உறுதியான கருத்து. ஆகவே சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் அயல்நாட்டு மரங்களை நடுவதையும், இயற்கைக் காடுகளை நீக்கித் தைல மரம் வளர்ப்பதையும் எதிர்த்தார். மரங்களின் எண்ணிக்கை மட்டுமே காடாகாது என்ற கருத்து சூழலியல் என்னும் சொல் மக்களிடையே பரவும் முன்பே இவர் எழுத்தில் இடம்பெற்றது.

ஆய்வும் பொறுப்புகளும்

1968 இல் ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிக் கள ஆய்வு செய்தார். அதன் முடிவுகளைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975 இல் நூலாக வெளியிட்டது. பல்கலைக்கழகத்தையோ ஆய்வு நிறுவனத்தையோ சாராத ஒருவர் செய்த பணி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் நீண்டகாலம் உறுப்பினராக இருந்தார். பத்மசிறீ விருது பெற்றார். 1995 இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 மதிப்பீட்டுப் பட்டியலில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.

மறைவும் நினைவும்

கிருஷ்ணன் 1996 பெப்ரவரி 18 அன்று சென்னையில் தமது 83 ஆம் வயதில் காலமானார். அவரது கடைசிப் பத்தி அதே நாளில் வெளியானது. அவர் நினைவாகச் சென்னை இயற்கையியலாளர் சங்கம் இயற்கை பற்றி எழுதும் இளையோருக்கு விருது வழங்கி வருகிறது.

மறைவுக்குப் பின் இவரது ஆங்கிலக் கட்டுரைகளை இராமச்சந்திர குகா தொகுத்து 2000 இல் வெளியிட்டார். தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் (2002), பெருமாள்முருகன் பதிப்பித்த பறவைகளும் வேடந்தாங்கலும் (2010) ஆகிய நூல்களாக வெளிவந்துள்ளன. இவர் எடுத்த ஒளிப்படங்கள் ஐ இன் தி ஜங்கிள் (2006) என்னும் நூலில் தொகுக்கப்பட்டுள்ளன.