ஒற்றைக் கண்ணும் ஆந்தையின் சிறகும்

பறக்கும் பறவையைப் படம் பிடிப்பது எளிதன்று. அதிலும், இரையைக் கவ்விக்கொண்டு இருளில் விரையும் ஆந்தையைப் படம் பிடிப்பது அரிதினும் அரிது. அதைச் செய்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டு எரிக் ஹாஸ்கிங். விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் பெரிதும் மதிக்கும் இப்பெரியாரின் வரலாற்றைச் சுருக்கமாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1909ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் லண்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே பறவைகளின் மீது பற்றுக் கொண்டார். வளர்ந்தபின் அப்பற்றையே தொழிலாகக் கொள்ளத் துணிந்தார். பறவைப் படங்களை நம்பிப் பிழைப்பு நடத்துவோர் மிகச் சிலரே இருந்த காலம் அது!

கூட்டினருகே துணியால் மறைவிடம் அமைத்து, அதனுள் மணிக்கணக்கில் காத்திருந்து படம் எடுப்பது அவர் வழக்கம். 1937ஆம் ஆண்டு வேல்சு நாட்டில் பழுப்பு ஆந்தை ஒன்றின் கூட்டருகே இவ்வாறு பணியாற்றி வந்தார். ஓரிரவு மறைவிடத்திற்கு ஏறும்போது, குஞ்சுகளைக் காக்க எண்ணிய ஆந்தை அவர் முகத்தில் பாய்ந்தது. ஆந்தையின் இறகு விளிம்புகள் சீப்புப்போல் பிளவுபட்டு மென்மையாக இருப்பதால் அது பறக்கும் ஓசை கேட்பதில்லை. அதன் கூர்நகம் இடக்கண்ணில் ஆழப் பதிந்தது. பெனிசிலின் மருத்துவத்திற்கு வராத நாட்கள் அவை. சீழ் மறு கண்ணுக்கும் பரவக்கூடும் என்ற அச்சத்தால் இடக்கண்ணை அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 27.

படக்கலைஞனுக்குக் கண் போனால் எஞ்சுவது என்ன? நாமாயின் அத்தொழிலையே வெறுத்திருப்போம். அவரோ, உடல் தேறியதும் அதே ஆந்தையிடம் திரும்பிச் சென்றார். தாய்மை செய்த செயலுக்காகப் பறவையின்மீது பழி சுமத்தவில்லை. ஒற்றைக் கண்ணால் தொலைவை மதிப்பிடுவது கடினந்தான். ஆனால் காமிராவுக்கும் ஒரு கண்தானே என நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மின்னணு ஒளிவீச்சுக் கருவி அவர் கைக்கு வந்தது. மின்தேக்கியில் சேமித்த மின்னாற்றல் வாயுக் குழாய் வழியே ஒரே நொடியில் பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய ஒளியைத் தருவது அது. பழைய பல்பு ஒளியில் கலங்கித் தெரிந்த சிறகு இப்போது இறகிறகாகத் தெளிந்தது. 1948இல், அலகில் எலியைக் கவ்வியவாறு சிறகுகளை உயர்த்திய கூகையை அவர் படமெடுத்தார். அரச முத்திரையில் பொறித்த உருவம்போல் விளங்கும் அப்படம் உலகப் புகழ் பெற்றது.

படத்தைவிடப் பறவையின் நலமே முதன்மை என்பது அவர் கொள்கை. மறைவிடத்தை ஒரே நாளில் கூட்டருகே கொண்டுபோகாமல், பறவை பழகப் பழகச் சிறிது சிறிதாக நகர்த்துவார். 1970இல் தன் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1977இல் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருதளித்துச் சிறப்பித்தது. 1991 பிப்ரவரியில் மறைந்தார்.

இன்று நொடிக்குப் பல படம் எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் காத்திருக்கும் பொறுமையையும், காயம் செய்த உயிரையும் நேசிக்கும் நெஞ்சையும் எந்தக் கருவியும் தருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உயிர்களைக் கையாளும் நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே என்பது என் கருத்து.