தட்டு கலையாத கணக்கு

காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்குக் காவல் கிடந்த இரவுகளில்தான் பால்வழியை நன்றாகப் பார்த்தேன். தெற்கே நெய்வேலி வெளிச்சம் கொஞ்சம் கெடுக்கும், இருந்தாலும் தெரியும். பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் ஆப்பம் போல, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் சுழல்வதே அது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்பே அறிந்தேன். அத்தட்டு ஏன் கலைந்து போகவில்லை? இக்கேள்வியைத் தொடர்ந்து சென்றபோதுதான் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கை என் கைக்கு வந்தது.

அவர் 1910இல் இலாகூரில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டென்ற முடிவின் தொடக்கம் அந்தப் பயணத்திலேயே நிகழ்ந்தது. 1935 சனவரி 11ஆம் நாள் இலண்டன் வானியல் கழகக் கூட்டத்தில், பேரறிஞர் எடிங்டன் அம்முடிவை எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு அப்போது வயது 24.

அவர் நட்பை முறிக்கவில்லை. 1937இல் அமெரிக்கா சென்றார். தம் கணக்குகளை 1939இல் ஒரு நூலாக்கி விட்டு, வேறு துறைக்கு நகர்ந்தார். சரியென்று தெரிந்தும் நகர்ந்தது முறையா என்று எனக்கும் என் அறைத் தோழனுக்கும் நடக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த நகர்வால் விளைந்தது என்ன தெரியுமா? விண்மீன் கூட்டங்களின் இயக்கவியல்!

1943இல் அவர் ஓர் உராய்வைக் கண்டறிந்தார். கனத்த பொருளொன்று விண்மீன் கூட்டத்தினூடே செல்கையில், அதன் ஈர்ப்பால் விண்மீன்கள் பின்புறம் திரள்கின்றன. அத்திரள் பின்னுக்கு இழுக்க, அதன் வேகம் குறைகிறது. சிறு விண்மீன் மண்டலங்கள் பெரியவற்றுக்குள் மெல்ல மெல்ல விழுந்து கலப்பதை இன்று இதைக் கொண்டே விளக்குகிறார்கள்.

சுழலும் பொருள்களின் நிலைப்பை 1960களில் ஆராய்ந்தார். அவரிடம் பயின்று 1964இல் முனைவரான ஆசுட்ரைக்கர், 1973இல் பீபிள்சோடு சேர்ந்து என் கேள்விக்கே விடை தேடினார். மெல்லிய தட்டு தனித்துச் சுழன்றால் விரைவிலேயே உருக்குலைந்து கோல் வடிவம் கொள்ளும். கண்ணுக்குப் புலனாகாத பெருநிறை சூழ்ந்திருந்தால் தாக்குப்பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு.

1983இல் நோபல் பரிசு வந்தது. அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. 1995இல் சிகாகோவில் மறைந்தார்.

சென்ற ஆண்டு கணிதத்தில் இரண்டு தாள்கள் தவறினேன். படித்தது போதும், முந்திரி வியாபாரத்துக்கு வா என்றார் அப்பா. இந்த ஏப்ரல் வரை தவணை கேட்டிருக்கிறேன்.