பாட்டு எழுதத் தொடங்குவோம்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் வாழ்க்கை



உங்கள் வீட்டிலுள்ள கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்று வரும். நம் தாத்தா பாட்டிமார் புத்தகம் பாராமல் பாடுகிற அந்தப் பாட்டுகளில் பலவற்றை எழுதியவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். பாட்டு எழுதுவது பெரிய புலவர்களின் வேலை, நமக்கு வராது என்று நினைக்கிறவர்களுக்காகவே அவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

அவர் 1774 செப்டம்பர் 7-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தகப்பனார் தேவசகாயம் தமிழ் கற்ற புலவர். வேதநாயகத்துக்கு ஏறக்குறைய ஏழு வயதிருக்கும்போதே தாயார் இறந்துபோனார். 1785-இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ண சுவார்ட்ஸ் ஐயர் வந்தார். ஜெர்மனி தேசத்திலிருந்து வந்து, தஞ்சாவூரில் ஊழியம் செய்துகொண்டிருந்த மிஷனெரி அவர். சிறுவன் வேதநாயகத்தின் புத்திக்கூர்மை அவரைக் கவர்ந்தது. தகப்பனாரின் சம்மதத்தோடு பிள்ளையைத் தம்முடன் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். தாயில்லாத பிள்ளை, பன்னிரண்டு வயதுகூட நிரம்பாமல், ஊரையும் உறவையும் விட்டுப் புறப்பட்டது. தேசம் விட்டு வந்திருக்கிற நமக்கு அந்தப் பயணத்தின் பாரம் தெரியும்.

பிறகு தரங்கம்பாடியில் மிஷனெரிமாரிடம் வேதசாஸ்திரம் மட்டுமல்ல, வானசாஸ்திரம், பூகோளம், உடற்கூறு எல்லாம் கற்றார். இருபது வயதளவில் தஞ்சாவூரில் பள்ளித் தலைமை ஆசிரியரானார். பகலில் பாடம் சொல்லிக் கொடுப்பதும், மற்ற நேரத்தில் பாட்டு எழுதுவதுமாக அவருடைய நாட்கள் சென்றன.

அந்தக் காலத்துச் சபையில் என்ன பாடினார்கள் தெரியுமா? பெரும்பாலும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, அதே ஜெர்மன் ராகத்தில் பாடினார்கள். நம் பாமாலைகளில் சில அப்படி வந்தவையே. அவை அருமையான பாட்டுகள். ஆனால் வயலிலும் வீட்டு முற்றத்திலும் கும்மி கொட்டிப் பாடிய ஜனங்களுக்கு அந்த மெட்டு அந்நியமாக இருந்தது. ஆலயத்துக்கு வெளியிலோ காவேரிக் கரை முழுவதும் சங்கீதம். தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் அவர் காலத்தில் வாழ்ந்தவர்கள்தான்.

சாஸ்திரியார் செய்ததைக் கவனியுங்கள். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதில் வேதத்தின் செய்தியை வைத்தார். பெண்கள் கும்மியடிப்பதைப் பார்த்து, மூடநம்பிக்கைகளைக் கண்டிக்கும் சாஸ்திரக் கும்மியை எழுதினார். நொண்டி நாடகம் பார்த்த ஜனங்களுக்கு ஞான நொண்டி நாடகம் எழுதினார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைத் தமிழ்நாடே ரசித்தது. இவர் பெத்லெகேம் குறவஞ்சி எழுதினார். அதில் தேவமோகினி என்னும் பெண் பெத்லெகேம் நாதர்மேல் அன்பு கொள்கிறாள். அவள்தான் திருச்சபை. குறி சொல்ல வரும் குறத்தி விசுவாசத்தின் உருவம். தரங்கம்பாடியில் படித்த கோள்களையும் தேசங்களையும்கூட அந்த நாடகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். கற்றது எதுவும் வீண்போகவில்லை.

சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த இன்னொருவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. தம் ஊர்த் தெய்வத்தின்மேல் பாடும்படி மன்னர் கேட்டதாகவும், சாஸ்திரியார் பணிவோடு மறுத்ததாகவும் சபைகளில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மறுத்த பிறகும் மன்னர் அவரைத் தள்ளிவிடவில்லை. அரசவைப் புலவராக வைத்து ஆதரித்தார்.

ஒரு காரியத்தைப் பிள்ளைகளுக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1820-களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனெரிமாருக்கும் தஞ்சை சபையாருக்கும் பெரிய வழக்கு உண்டாயிற்று. சாஸ்திரியார் தமிழ்ப் பாட்டுக்காகவும் தமிழர் வழக்கங்களுக்காகவும் வாதாடி, மிஷன் வேலையையும் இழந்தார். ஆனால் அந்த வழக்கங்களோடு சேர்த்துச் சாதி வேற்றுமையையும் அவர் காக்கப் பார்த்தார். அதில் அவர் பக்கம் நாம் நிற்க முடியாது. பாட்டை வாங்கிக்கொள்வோம், சாதியைத் தள்ளிவிடுவோம். முன்னோரிடமிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரிக்கத் தெரிவதும் நம் கடமை.

அவருடைய மகள் ஞானதீபம் அம்மாளும் அவரோடு சேர்ந்து பாடி வந்தார். 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாட்டுகள் தஞ்சாவூரைத் தாண்டிப் பல சபைகளுக்குப் போயின. 1864 ஜனவரி 24-ஆம் தேதி, தொண்ணூறு வயதை நெருங்கியபோது, அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இனி உங்கள் முறை. எப்படித் தொடங்குவது?

முதலில் கேளுங்கள். நான் வெளிநாட்டில் நர்ஸ் பயிற்சி எடுத்தபோது எங்களுக்கு முதல் பாடமே கேட்பதுதான். பாட்டுக்கும் அதுவே. ஒரு கீர்த்தனையை வார்த்தை இல்லாமல் முனகிப் பாருங்கள். எங்கே நீளுகிறது, எங்கே தட்டு விழுகிறது என்று கையால் தாளம் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, புது மெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாஸ்திரியார் கும்மியை எடுத்தது போல, தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அதைப் பல்லவியில் ஒரு வரியாக வையுங்கள். சரணத்துக்கு ஒரு காட்சி போதும்.

நான்காவது, மோனையும் எதுகையும். மலர், மகன், மழை என்று முதல் எழுத்து ஒன்றிவந்தால் மோனை. அன்பு, இன்பம் என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை. நாலு வார்த்தை தேடி எழுதி வைத்தால் வரி தானாக வரத் தொடங்கும்.

ஐந்தாவது, நீங்கள் காண்பதை எழுதுங்கள். நம் கிரவீனில் கிறிஸ்துமஸ் கொளுத்தும் வெயிலில் வருகிறது. பனி பெய்கிறது என்று ஏன் எழுத வேண்டும்? நவம்பரில் ஊதா நிறமாய்ப் பூத்துக் கொட்டும் ஜக்கராண்டா மரமும், விடியற்காலையில் கூச்சலிடும் காக்கட்டூவும் உங்கள் பாட்டில் வரட்டும்.

கடைசியாக, வீட்டில் பாடிக் காட்டுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தைத் திருத்துங்கள். தமிழ் எழுத வராத பிள்ளைகள் சொல்லச் சொல்ல அம்மாவோ அப்பாவோ எழுதலாம். பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கினால், அந்த வார்த்தையும் உங்களோடு பிழைத்துக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துபோன முதியவர்களை என் வேலையில் பார்க்கிறேன். சிறுவயதில் பாடிய பாட்டின் மெட்டைத் தொடங்கினால் அவர்கள் சரணம் வரை பாடுகிறார்கள். மற்றதெல்லாம் போன பிறகும் பாட்டு நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு அப்படி நிற்கப்போகும் தமிழ்ப் பாட்டு எது? சாஸ்திரியார் தம் சபைக்குக் கொடுத்தார். கிரவீன் சபைக்கு நீங்கள் கொடுங்கள். வருகிற கேரல் பவனியில் நம் பிள்ளை ஒருவர் எழுதிய பாட்டை நாம் எல்லாரும் சேர்ந்து பாடக் கர்த்தர் கிருபை செய்வாராக.